வளைவில் உரசிய டயர்

பத்திரிகையில் தரையை ஒட்டித் தாழ்ந்த ஒரு பந்தயக் காரைப் பார்த்த நொடியே என் காரையும் தாழ்த்தத் தோன்றியது. குட்டை ஸ்பிரிங் மாட்டினேன். ஏற்காடு ஏறுகையில் வளைவுக்கு வளைவு பின்டயர் எதிலோ உரசிக் கருகியது. மறுநாள் அம்மாவோடு இறங்க வேண்டும். டயர் வெடித்தால் பள்ளம்தான்.

நாகலூர் மெக்கானிக் பருத்த மனிதர். அம்மாவை ஏற்றிப் போவதைச் சொன்னேன். டயரைத் தடவிய விரலை முகர்ந்தார்.

“ஏனுங்க, அழகு நொம்பத்தான். டயர்ல பாதி போயிருச்சுங்களே!”

சக்கரத்துக்கு மேலுள்ள தகர விளிம்பில் சாக்கட்டி பூசி, பின்சீட்டில் காப்பி மூட்டைகளை ஏற்றி, ஒரு வளைவு ஓட்டவைத்தார். டயரில் வெள்ளைக்கோடு விழுந்தது. அந்த விளிம்பைச் சுத்தியலால் மடக்கினார். பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு அவரே பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

“பயமில்லீங்களா?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்க. அம்மாவ ஏத்தறதுக்கு முன்னால நான் ஏறோணுமில்லீங்க?”

யாருடைய அம்மாவுக்கோ இவர் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? உரசினால் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடுவது என்று முடிவெடுத்து, கியரைப் போட்டேன்.