ஓடுதளத்தில் ஒரு வரப்பு

எங்கள் காட்டில் புல் முளைக்காது. முளைக்க வழியில்லை, முழுக்கக் காங்கிரீட். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் அந்த இடத்தை, யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் எங்கள் தாத்தாவிடமிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு, இளவட்டங்களுக்கு விமானம் ஓட்டப் பழக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் யோக்கியமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓடுதளத்தைப் பெயர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பத்திரத்தில் அது கடைசிவரை புஞ்சை நிலம்தான்.

அதற்கப்புறம் அங்கே நடந்தது ஒன்றும் பெரிய சரித்திரமில்லை. சிப்பாய்கள் தங்கிய கொட்டகையில் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் நடந்தது. பிறகு ஓடுகளுக்கும் உத்தரங்களுக்கும் கால் முளைத்து ஊருக்குள் போய்விட்டன. பெட்ரோல் வைத்த அறையில் கோழி வளர்த்தார்கள். ஓடுதளத்தில் கடலையும் சோளமும் காய்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூர்க்காரர்கள் கார் ஓட்டப் பழக வந்தார்கள்.

தாத்தா தன் இரு மகன்களுக்கும் ஆளுக்குப் பாதி எழுதிவைத்தார். பெரியப்பாவுக்கு மேற்கு, அப்பாவுக்குக் கிழக்கு. நடுவே இருந்த எல்லைக்கல் காங்கிரீட்டுக்கு அடியில் போயிருந்தது. சின்ன வயதில் இருவருமே அந்தக் கல்மேல் உட்கார்ந்து விளையாடியவர்கள். அது இருந்த இடம் இருவருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனால் நான்கடி வித்தியாசத்தில்.

நான்கடிக் காங்கிரீட்! ஒரு கடலைச்செடி வைக்க முடியாது. அதற்காக அண்ணனும் தம்பியும் நாற்பது வருடம் பேசவில்லை. சர்வேயர் வந்து அளந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். இருவரும் சேர்ந்து அவரைத் திட்டியதுதான் மிச்சம். ஒவ்வொரு பொங்கலுக்கு முன்னாலும் அப்பா ஓடுதளத்தின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். மறுநாளே பெரியப்பா நான்கடி கிழக்கே தள்ளித் தன் கோட்டைப் போடுவார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் யார் வீட்டுச் சோளமும் காய்ந்ததில்லை. நான் சைக்கிள் பழகியது அங்கேதான். கோடு வந்ததும் இறங்கி வண்டியைத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் அடி விழும். விமானம் பறந்த இடத்தில் நான் பிரேக் பிடிக்கத்தான் கற்றுக்கொண்டேன்.

போய்ப் பேசுங்கள் என்று யார் சொன்னாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான். "கல்லு தெரியட்டும். தெரிஞ்சா நானே அவரு ஊட்டுக்குப் போறேன்."

போன வருடம் பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தக் கல்லையே கட்டிட்டு அழுவுங்க" என்று கத்திவிட்டு, நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். பெரியப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"உங்கப்பன் இன்னமும் கோடு போடறானா, அம்மணி?"

"போடறாருங்க" என்றேன். அதில் அவருக்கு ஏதோ ஒரு திருப்தி. நான்காம் நாள் போய்விட்டார். சாவுக்கு வந்த அப்பா வீட்டுப் படி ஏறவில்லை, தெருவில் எல்லாருக்கும் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

இந்த வருடம் எல்லாருமாகச் சேர்ந்து, சைட் போடுகிற ஒருவருக்கு நிலத்தைக் கொடுத்தோம். அப்பா ஒரு நிபந்தனையோடுதான் கையெழுத்துப் போட்டார். முதலில் உடைப்பது அந்த நான்கடியாக இருக்க வேண்டும், அதுவும் தன் கண்ணெதிரே.

பொக்லைன் வந்த அன்று காலையில், எண்பத்தெட்டு வயது மனிதர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கோட்டிலிருந்து உடைக்க ஆரம்பித்தார்கள். காங்கிரீட் லேசில் விடவில்லை. பத்து மணி வாக்கில் அடியிலிருந்த மண்ணை வழித்தபோது ஒரு கருங்கல்லின் தலை தெரிந்தது. அதில் எல்லைக்கல்லுக்குப் போடுகிற கூட்டல் குறி வெட்டியிருந்தது. அப்பாவின் கோட்டுக்கு நேர் கீழே, ஒரு விரல்கூட விலகவில்லை.

"உங்க கோட்டுலதானுங்கப்பா இருக்குது!" என்று நான்தான் சத்தம் போட்டேன். இத்தனை வருடம் அவரை வறட்டுப் பிடிவாதக்காரர் என்று ஏசியவளும் நான்தான். வெட்கமாக இருந்தது. அப்பா எழுந்து வந்து பார்த்தார். சிரிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.

தூரத்தில் பெரியப்பா மகனின் கார் வருவது தெரிந்தது. அப்பா பொக்லைன் டிரைவரிடம் திரும்பினார்.

"தம்பி, மண்ணத் தள்ளி மூடிப்போடுங்க. வெரசா."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கார் வந்து நிற்பதற்குள் கல் மறைந்துவிட்டது.

"ஏனுங் சித்தப்பா, கல்லு கெடச்சுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பெரியப்பா மகன் இறங்கினார்.

"இங்க ஒண்ணையுங் காணம், கண்ணு" என்றார் அப்பா. "எங்கண்ணன் சொன்ன எடத்துலதான் இருந்திருக்கோணும்."

பிறகு வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, காரின் முன்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"உங்க ஊட்டுக்கு உடு" என்றார்.