மீட்டர் ஓடாத வண்டி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் போடுகிறவருக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. ஆள் நீளத்துக்கு இருக்கும் சூடான உருளைக்கு முன்னால் நின்று, ஈர விரிப்பை உள்ளே கொடுத்து, மொடமொடவென்று வெளியே வருவதை வாங்கி, நாலாக மடித்து அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு வாய் தேவையில்லை. ஆனாலும் அக்கா வாயை மூடிக்கொண்டு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அதெல்லாம் வீட்டுக்காரர் இருந்தவரை.

வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட்காரர். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, "மூணு... நாலு... பாத்து இறங்குங்க" என்று நாள் முழுக்க மாடி எண் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். ஒரு மத்தியானம் அந்த ஸ்டூலிலேயே போய்விட்டார். கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து, ஏறியவர்கள் தாங்களே பொத்தானை அழுத்திக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள். சேதி கீழே வந்தபோது அக்கா கையில் ஒரு விரிப்பு பாதி மடிப்பில் இருந்தது. அதை முழுசாக மடித்து, அடுக்கில் வைத்து, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்பினாள். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

அதற்குப் பிறகும் அவள் அழவில்லை. அழக்கூடாது என்று வீம்பெல்லாம் கிடையாது. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் அடுத்தவருடையது மாதிரி ஆகிவிடுமே, அப்படி அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது. ஒருநாள் உருளை மணிக்கட்டில் சுட்டிருக்கிறது. சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கொண்டுவந்த ஆறுதலை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தனக்கு ஏதோ கோளாறு என்று அக்காவுக்கே ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வராத பெண் என்ன பெண்? ஆனால் அந்தச் சந்தேகம்கூட அவளை உறுத்தவில்லை.

இந்த லட்சணத்தில்தான் வண்டி சோதனையில் தோற்றது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலமாக இருந்து சாம்பலாகிப்போன பழைய கார். மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அக்கா வாங்கியது. ஓட்டியதும் அவள்தான். தனக்குக் கண் சரியில்லை, லைசென்ஸ் தர மாட்டார்கள் என்று வீட்டுக்காரர் முதலிலேயே ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கினாரே தவிர, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாதி வண்டியை அவர்தான் ஓட்டினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே வேகம் காட்டும் முள் படுத்துவிட்டது. பின்னாலேயே பெட்ரோல் முள்ளும் படுத்தது. சரிசெய்யலாம் என்று அக்கா சொன்னபோதெல்லாம், "முள்ளு எதுக்கு? நான் இருக்கேன்ல" என்பார். இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கி, "ரெண்டாவது போடு... இப்ப மூணு... நாப்பது வந்துடுச்சு, போதும், இப்படியே போ" என்று லிஃப்ட்டில் சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டு வருவார். அவள் கண் ரோட்டில் இருக்கும், காது அவரிடம் இருக்கும். காலையில் ஆஸ்பத்திரிக்கு, மாலையில் வீட்டுக்கு. யாராவது சிரித்தால், "ஊர்ல எல்லாருக்கும் மீட்டர் கண்ணாடிக்குள்ள இருக்கு, எனக்குப் பக்கத்துல உக்காந்து வருது" என்பாள். தெருப் பிள்ளைகள் அந்த வண்டிக்கு 'ஊர்வலம்' என்று பேர் வைத்திருந்தார்கள். வண்டி போடுகிற சத்தத்துக்காக வைத்த பேர் என்றே அவள் நினைத்திருந்தாள்.

முன்பெல்லாம் சோதனை அதிகாரி டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போய், சோதனைக் கொட்டகையில் எந்திரங்கள் வந்துவிட்டன. புதிதாக வந்த இளைஞர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"வேகம் காட்டற முள்ளு வேலை செய்யலை. பெட்ரோல் முள்ளும் அப்படியே. கைபிரேக் பேருக்குத்தான் இருக்கு. அடித்தகடு பூரா துரு. இத்தனை நாள் இதை எப்படிம்மா ஓட்டினீங்க?"

"எங்க வீட்டுக்காரர் சொல்லுவார்."

"என்ன சொல்லுவார்?"

"எல்லாத்தையும்."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க, பேசிக்கறேன்."

"அவர் தவறிட்டார்" என்றாள் அக்கா, கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வது போல. இளைஞர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த மாதத்துக்குள் சரிசெய்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கப் போட வேண்டும் என்று சொல்லி, கண்ணாடியில் சிவப்பு வில்லையை ஒட்டினார்.

வெளியூரில் இருந்த மகன் போனில், "உடைக்கப் போட்டுடும்மா. வாசல்லயே பஸ் வருது, அப்புறம் என்ன?" என்றான். அக்கா "சரிப்பா" என்றாள். வீட்டுக்காரரின் அக்கா, அவளுக்கு அண்ணி, நேரிலேயே வந்துவிட்டார். "என் தம்பி உக்காந்த எடம் அது. அதைப் போய் உடைக்கப் போடுவியா? உனக்கென்ன கல்லு மனசா? ரிப்பேர் பண்ணி வெச்சுக்கோ" என்றார். அக்கா "சரிங்க அண்ணி" என்றாள். இரண்டு பேருக்கும் சரி சொன்ன புண்ணியத்தில், மகன் சனிக்கிழமைக்குப் பழைய வண்டிகளை உடைக்கிற யார்டில் சொல்லிவைத்தான். அண்ணியோ தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வியாழக்கிழமையே வண்டியை விடச் சொன்னார்.

மெக்கானிக் தொப்பையும் துலக்கமான பேச்சும் உள்ளவர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டிய இடமெல்லாம் பொரிந்து விழுந்தது.

"தகடு வெச்சு வெல்டிங் அடிக்கலாம்கா. ஒரு வருஷம் ஓடும். அதுக்கு மேல ஓடும்னு நான் கதை விட மாட்டேன். மனசு இருந்தா செய்யலாம், இல்லேன்னா வேணாம்."

மனசு இருக்கிறதா என்று அக்கா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் எதுவும் அகப்படவில்லை. "எனக்கு ஒண்ணும் தோணலைங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சின்ன வேலையிலிருந்து ஆரம்பிப்போம் என்று முள் இருக்கிற முன்பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு டார்ச்சை வாங்கி எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இங்க வாங்க. இந்தக் கேபிள் அறுந்து போகலை. யாரோ வேணும்னே கழட்டி வெச்சிருக்காங்க."

வேகமுள்ளுக்குப் போக வேண்டிய கேபிளின் நுனியில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பழுப்பேறிப்போன ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம் என்று அதன் முனை உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. அவள் கையில் சூடு பட்ட போதெல்லாம் வீட்டுக்காரர் அப்படித்தான் மடித்து ஒட்டுவார். ஊரில் வேறு யாரும் அந்த மெனக்கெடல் மெனக்கெட மாட்டார்கள்.

மெக்கானிக் பிளாஸ்திரியைப் பிரித்துக் கேபிளை மாட்டினார். அது கண்மூடித் திறக்கிற நேர வேலை. "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம், நீங்களே ஓட்டுங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். அக்கா வழக்கம்போல் பெரிய ரோட்டுக்கு வந்தாள். அவளுக்கு முள்ளைப் பார்க்கும் பழக்கமே கிடையாது. சரியான வேகம் வந்தது காலுக்கே தெரிந்தது.

"நாப்பதுல போறேன். சரியாக் காட்டுதா?"

"இருபத்தஞ்சு காட்டுதுக்கா."

"முள்ளு தப்பா இருக்கும்."

"முள்ளு தப்பில்லக்கா. சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போறான் பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு காலை அழுத்தினாள். முள் முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தொட்டது. ரோடு தன்னை நோக்கி ஓடிவருவது போல இருந்தது. இந்த வேகத்தில் அவள் வாழ்நாளில் ஓட்டியதே இல்லை. சட்டென்று காலை எடுத்தாள். இத்தனை வருஷமாகப் பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம், பொறுமை கெட்ட ஜென்மங்கள் என்று திட்டியது ஞாபகம் வந்தது. ஊர்வலம் என்ற பேருக்கு அர்த்தமும் விளங்கியது. அடிவயிற்றிலிருந்து சூடாக ஏதோ மேலே ஏறியது. கோபம். எத்தனையோ மாதம் கழித்து அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி, செத்துப்போன புருஷன் மேல் வந்த கோபம்.

"வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்காரு! பக்கத்துலயே உக்காந்துகிட்டு! தினம் ரெண்டு வேளை!"

"கோவத்தைக் கால்ல காட்டாதீங்கக்கா, பிரேக்கும் சுமார்தான்" என்றார் மெக்கானிக்.

அவரை ஒர்க்ஷாப்பில் இறக்கிவிட்டாள். வண்டியையும் அங்கேயே விட்டுவிட்டு, விறுவிறுவென்று அண்ணி வீட்டுக்கு நடந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். "உங்க தம்பி என்னை முட்டாளாக்கிட்டார் அண்ணி. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நினைச்சிருந்தா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? என்னை மாதிரி ஓட்ட ஆளே இல்லேன்னு ஊர் பூரா பீத்திக்கிட்டு, உள்ளுக்குள்ள கேபிளைக் கழட்டி வெச்சிருக்கார்."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார்.

"நீ ஓட்டறதுல ஒரு குறையும் இல்லம்மா. அவனுக்குத்தான் பயம். சின்னப் பையனா இருக்கும்போது எங்கப்பா வேன் கவுந்து, அவனை அடியிலேர்ந்து இழுத்து எடுத்தாங்க. அதுக்கப்புறம் சக்கரம் வெச்ச எதுலயும் ஏற மாட்டான். கல்யாணத்துக்கு மண்டபம் வரைக்கும் நடந்து வந்தானே, மறந்துட்டியா?"

"வேண்டுதல்னு சொன்னாரே."

"வேண்டுதலும் இல்ல, கண்ணுக்கும் ஒண்ணும் இல்ல. நீ வண்டி வாங்கின அன்னிக்கு என்கிட்ட வந்து உக்காந்தான். 'அக்கா, உக்காந்தா கொடல் கலங்குது, ஆனா அவ எவ்வளவு ஆசையா ஓட்டறா தெரியுமா, ஏற மாட்டேன்னு எப்படிச் சொல்றது'ன்னான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டான்."

அக்கா குனிந்து, கழற்ற மறந்த செருப்பைக் கழற்றினாள். கோபம் வந்த சுவடு தெரியாமல் இறங்கிப் போயிருந்தது.

"எனக்கு ஒரு ஆசையும் இல்ல அண்ணி" என்றாள் கடைசியில். "வெயில்லயும் மழையிலயும் அவ்வளவு தூரம் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வர்றாரே, பஸ்ஸுல வாங்கன்னா கேக்க மாட்டேங்கறாரேன்னுதான் நான் வண்டியே கத்துக்கிட்டேன். பயந்து பயந்துதான் கத்துக்கிட்டேன்."

அண்ணிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ரிப்பேர் பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணி. அவருக்காக வாங்கினேன், எனக்காக ஏறினார். இப்ப அதுல ஏற யாரு இருக்கா? போகட்டும்."

இந்த முறை அண்ணி கல் மனசு என்று சொல்லவில்லை. அக்காவின் கண் அப்போதும் காய்ந்துதான் இருந்தது.

சனிக்கிழமை காலை யார்டிலிருந்து ஒர்க்ஷாப்புக்கே இழுவை லாரி வந்தது. ஓட்டிவந்தவர் நடுவயசுக்காரர். வண்டியைச் சங்கிலி போட்டு மேலே ஏற்றினார். அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, அக்காவுக்கு முன்கதவைத் திறந்துவிட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து எத்தனை காலமாகிறது!

லாரி பெரிய ரோட்டில் ஏறியது. அவள் கையில் ஸ்டியரிங் இல்லை, காலுக்கடியில் பிரேக் இல்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. அவளுடைய கால் தானாகவே வெறும் தரையை அழுத்தியது. வயிற்றில் புளியைக் கரைத்தது. சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவாப் போப்பா."

"நாப்பதுலதாம்மா போறேன்."

அவள் எட்டி முள்ளைப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான். அடுத்து ஒரு லாரி வந்தது, அதற்குப் பின்னால் ஒரு வேன். ஒவ்வொன்றும் நேராக அவள் மடிமேல் ஏற வருவது போலவே வந்து, கடைசி நிமிஷத்தில் விலகிப் போனது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இப்படித்தான் அவர் உட்கார்ந்து வந்திருக்கிறார். காலையிலும் மாலையிலும், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு, குரல் கொஞ்சமும் நடுங்காமல், அவள் மனசு நோகாமல்.

முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. ஓட்டுநர் பதறிப்போய் லாரியை ஓரம் கட்டினார்.

"என்னம்மா, வண்டியைக் குடுக்க மனசில்லையா? வேணும்னா திரும்பிப் போயிடலாம்."

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பயமா இருக்குப்பா" என்றாள். "ரொம்பப் பயமா இருக்கு."