கூரையோரத்து ஆறு இணைப்புகள்

முட்டம் கடற்கரையில் பிறந்த தேவசுந்தரம், சவூதியின் யான்பு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பதினொரு ஆண்டுகள் குழாய் வெல்டராக இருந்தவர். அங்கே ஒவ்வோர் இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அவர் வைத்த இணைப்பு ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. இதை அவர் தாமாகச் சொல்லமாட்டார். யாராவது கேட்கும்படி பேச்சைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

2003இல் ஷார்ஜாவின் கார்ப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கே எக்ஸ்ரே கிடையாது. பட்டறை முதலாளியே அவருடைய கஃபீல்; விசாவுக்குப் பொறுப்பும் அவர்தான், பாஸ்போர்ட் இருப்பதும் அவரிடம்தான். முதலாளியின் மகன் யஹ்யாவுக்கு இருபத்து நான்கு வயது. கால் மைல் நேரோட்டக் கார்ப் பந்தயத்தில் பித்து. 2006இல் அவன் அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய செவ்ரோலே நோவாவைக் கப்பலில் வரவழைத்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன், சிறு குடும்பம் கடைக்குப் போய்வரச் செய்த சின்னக் கார் அது. அதன் வயிற்றில் லாரிக்குப் போதுமான எஞ்சினை இறக்கினார்கள். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவனைக் காக்க, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்டும் பொறுப்பு தேவசுந்தரத்துக்கு வந்தது.

கூண்டின் மேல்குழாய்கள் கூரையை ஒட்டி ஓடும். இடையில் இரண்டு விரல்கூட நுழையாது. அங்கே உள்ள ஆறு இணைப்புகளின் மேல்பக்கத்தை வெல்ட் செய்ய ஒரே வழிதான் உண்டு: காரின் தரையில் துளையிட்டு, கூண்டை ஒரு சாண் கீழே இறக்கி, பற்றவைத்து, மீண்டும் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. பந்தயமோ வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நாகர்கோவிலில் அவர் மனைவி எலிசாவுக்குக் கர்ப்பப்பை அறுவை. கையிலிருக்கும் வேலை முடிந்தால்தான் பாஸ்போர்ட் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

புதன்கிழமை அவர் யாரையும் கேட்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை. கைக்கு எட்டிய பக்கங்களை மட்டும் பற்றவைத்து, எட்டாத இடங்களில் பட்டி பூசித் தேய்த்து, கறுப்பு வண்ணம் அடித்தார். கண்ணாடி பிடித்துப் பார்த்தாலும் தெரியாத அளவுக்கு அந்தப் பூச்சு நேர்த்தியாக இருந்தது.

மறுநாள் மதியம் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ரோலா கடைத்தெருவில் எலிசாவுக்கு ஒரு போர்வை வாங்கிக்கொண்டு நின்றவருக்கு, விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தாங்க முடியாமல் ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மானைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஃபோர்மேன் முதலில் கேட்டது இதுதான்:

"பாஸ்போர்ட் கையில இருக்கா?"

"இருக்கு பாய்."

"அப்ப போய்ச் சேரு. இப்ப இதச் சொன்னா ஒனக்கும் ஊரில்ல, எனக்கும் வேலையில்ல. அது என்ன மலைப்பாதையிலயா ஓடப்போவுது? நேரா ஓடி நேரா நிக்கப்போவுது."

நேராக ஓடி நேராக நிற்கும் என்பதை விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கும்வரை தமக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை எலிசாவை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பின்சக்கரம் வழுக்கி, கார் தலைகீழாகக் கவிழ்ந்ததாம். கலீலுர் ரஹ்மான் தணிந்த குரலில் சொன்னார்: "கூண்டு மேல பிரிஞ்சிட்டு. பயலுக்கு உயிர் இருக்கு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல."

எலிசா பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் தேவசுந்தரம் ஷார்ஜா திரும்பினார். முதலாளியிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினார். ஆனால் பட்டறையில் அந்தக் காரே இல்லை. யாரும் பார்க்குமுன் ஆறு இணைப்புகளையும் தாமே தனித்தனியாக அறுத்து, மிச்சத்தோடு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கலீலுர் ரஹ்மான் சொன்னார். வேகத்தின் மேலும் விதியின் மேலும் பழியைப் போட்டு முதலாளி அமைதியாகிவிட்டிருந்தார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று குளிர்காலம் வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் யஹ்யா சக்கர நாற்காலியில் பட்டறைக்கு வந்தான். கால்வைக்கும் தட்டு உடைந்திருந்தது. வேறு யாரும் வேண்டாம், தேவசுந்தரம்தான் செய்ய வேண்டும் என்றான். அவனைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தேவசுந்தரம் தட்டைப் பற்றவைத்தார். பிறகு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் சுற்றிலும் பற்றவைக்கத் தொடங்கினார். யஹ்யா பொறுமையிழந்து சிரித்தான்.

"நீச்சே கோன் தேக்கேகா, பாய்?"

கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டான். இப்போது சொல்லிவிடலாம் என்று தேவசுந்தரத்துக்குத் தோன்றியது. முகமூடியை உயர்த்தக் கை பாதி வரை போயிற்று. பெஞ்சிலிருந்து தொங்கிய இரு கால்களும் அவருடைய கண்ணுக்கு நேராக இருந்தன. கை இறங்கிவிட்டது.

முகமூடிக்குள்ளிருந்தபடியே, "கலாஸ்" என்றார், வேலை முடிந்தது.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார். ஊருக்கு வரச்சொல்லி எலிசா தொலைபேசியில் அழுதாள். மகன் பெபின் பேசுவதையே நிறுத்திக்கொண்டான். முதலாளியிடம் அவர் ஒருமுறைகூடப் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை.