காப்பு இருந்த வரை

எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் விளாங்குடியில் யாரும் இல்லை. கள்ளை விடு, உருப்படுவாய் என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வாய் வலித்ததே தவிர, எனக்குக் காது வலிக்கவில்லை. குடித்துக் கெட்டவனுக்கு அது கெடுதல் என்று அடுத்தவன் வந்து சொல்ல வேண்டுமா? எப்படி விடுவது என்று மட்டும் அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி காப்புக் கட்டுவதுதான்.

சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவது எங்கள் குடும்பத்து நேர்த்தி. அப்பா செய்தார், அவருக்குப் பின் நான். அதற்காக மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கையில் கட்டிக்கொள்வோம். அதுதான் காப்பு. அது கையில் ஏறிவிட்டால் கறி கிடையாது, கள் கிடையாது, துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அழகர் ஆற்றில் இறங்கி மறுபடி மலைக்குத் திரும்பும் வரை, பதினைந்து பதினாறு நாள், நான் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கள்ளின் ஞாபகமே வராது, அவ்வளவுதான். விடியுமுன் எழுந்து வாய்க்காலில் குளிப்பேன். மாடுகளுக்கு நேரத்தில் தண்ணீர் காட்டுவேன். மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வயலைச் சுற்றி வருவேன். என் மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டே ஏதாவது பாடுவாள். வருஷத்தில் பதினைந்து நாள் அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். காப்பை அவிழ்த்துக் கிணற்றில் போட்ட அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் நான் பனந்தோப்பில் இருப்பேன். பதினாறு நாள் இருந்தவனுக்குப் பதினேழாம் நாள் இருக்க முடியாதா என்று அவள் முதல் இரண்டு வருஷம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மகளுக்கு ஐந்து வயதானபோதுதான் அது நடந்தது. யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. அவளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போன நான், திரும்பும் வழியில் அவளைக் கண்மாய்க் கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுக் கள்ளுக்கடைக்குள் போனேன். வீடு வந்து சேர்ந்ததும் மனைவி, "பிள்ள எங்க?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. எந்தப் பிள்ளை என்று கேட்டேனாம். அவள்தான் தலைவிரிகோலமாகச் சந்தைப் பாதையெல்லாம் தேடி ஓடி, கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்த அந்தக் கரையிலிருந்து மகளைத் தூக்கிவந்தாள். மறுநாள் காலையில் இருவரும் ஆனையூரில் இருந்த அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் தடுக்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தடுப்பது?

அடுத்த சித்திரையில் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், அவளுடைய அண்ணன் வந்தார்.

"மாப்ள, தங்கச்சி ஒண்ணு சொல்லிவிட்டுச்சு. இந்த வருசம் காப்ப அவுக்க வேணாமாம். ஆடி முடியிற வரைக்கும் அது கையில கெடக்கட்டுமாம். கெடந்தா, ஆவணி பொறந்ததும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாரேன்னு சொல்லுச்சு."

அவர் போன பிறகு நான் அழுதேன். எட்டு வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றவள், என் வியாதிக்கு மருந்தையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாளே என்று இருந்தது.

அழகர் மலைக்குத் திரும்பினார். என் கையில் காப்பு இருந்தது. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. கயிறு அழுக்கேறிக் கறுத்தது. "என்னண்ணே, அழகரு ஒங்க வீட்டுலயே தங்கிட்டாரா?" என்று தோப்புக் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். செய்யட்டும். கூரையை மாற்றி வேய்ந்தேன். மகளுக்காக வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டினேன். விடியலில் எழுவதும் குளிப்பதும் யாரும் சொல்லாமலே நடந்தன. நல்ல பழக்கம் வேர்விட்டுவிட்டது, இனி கயிறே தேவையில்லை என்றுகூட நினைத்தேன். எனக்கு அப்படி ஒரு திமிர்.

ஆடி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. காலையில் ஆனையூர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மாமனார் இறந்துவிட்டார்.

"நீங்க காப்போட இருக்கீக. துக்க வீட்டுக்குள்ள வரவேணாம், தெருமுனையில நின்னு மூஞ்சியக் காட்டிட்டுப் போனாப் போதும்னு ஒங்க வீட்டுல சொல்லச் சொன்னாக. காப்ப மட்டும் அவுக்க வேணாம்னு ரெண்டு தரம் சொன்னாக."

அவர் அடுத்த ஊருக்குச் சேதி சொல்லப் போய்விட்டார். நான் முற்றத்தில் நின்று யோசித்தேன். தெருமுனையில் நிற்பதா? அந்த வீட்டுக்கு நான் ஒரே மருமகன். கோடி வேட்டியை அவர் மேல் போர்த்த வேண்டியவன் நான். என்னை ஒரு நாளும் கடிந்து பேசாத மனுஷர். ஊர் என்ன பேசும்? அப்பனுக்கு மரியாதை செய்யாதவனிடம் அவள் எப்படித் திரும்பி வருவாள்? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். கிணற்றடிக்குப் போய்க் காப்பை அவிழ்த்தேன். நாள்பட்ட முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

கோடி வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். துக்கம் பொய் இல்லை. வழியெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுதுகொண்டேதான் பனந்தோப்புக்குள் நுழைந்தேன். ஒரு கலயம், துக்கத்துக்கு ஒரே ஒரு கலயம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனையூர் போய்ச் சேர்ந்தபோது, சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் ஈரத் தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். மைத்துனர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு அவள் வந்தாள். நான் வேட்டியை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"காப்ப எங்கப்பாவுக்காக அவுத்தீகளா, கள்ளுக்காக அவுத்தீகளா?"

உங்கப்பாவுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான், கிணற்றடியில் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தபோதே என் வாயில் எச்சில் ஊறியது நினைவுக்கு வந்தது. நீட்டிய வேட்டியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆவணி பிறந்தது. அவள் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. அதற்கடுத்த சித்திரையில் மறுபடி காப்புக் கட்டிக்கொண்டேன். பதினாறு நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அதைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.