செங்கோடனுக்கு நான் வைத்த பெயர்

"தொம்பை போயிட்டானுங்க."

ஜேடர்பாளையத்திலிருந்து சைக்கிளில் வந்த ஆள் வாசலில் நின்று இப்படித்தான் சொன்னான். இறந்தவன் பெயர் செங்கோடன். தொம்பை என்பது நெல் கொட்டி வைக்கும் மூங்கில் கூடு. அவன் உடம்பைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவன் நான். முப்பத்தெட்டு வயதில் அவன் போய்விட்ட சேதியும் அந்தப் பெயரிலேயே என்னைத் தேடி வந்தது.

அவனோடு படித்தவர்களுக்கும் மேட்டூரில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்ந்த அன்று அவன் பெஞ்சில் உட்கார்ந்ததும், "தொம்பைக்கு ஒரு பெஞ்சு, நமக்கெல்லாம் தரை" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். வாய்த்துடுக்கு எனக்கு அப்போதே உண்டு. மறுநாளிலிருந்து செங்கோடன் பள்ளியில் சோற்றுப் போசியைத் திறக்கவில்லை. மாலை வரை பட்டினியாக உட்கார்ந்திருந்து, வீடு போகும் வழியில் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போவான். அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அந்தப் பெயரை விடவில்லை.

கைக்குழந்தையில் அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தவன். பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் போடுவதாக அவன் அம்மா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். கரும்பு ஒழுங்காக விளைந்து கைக்கு வரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அதனால் அந்த வருஷ மாரியம்மன் நோன்புத் திருவிழாவில் நாங்கள் எல்லோரும் பார்க்க அவன் தராசுத் தட்டில் ஏற வேண்டியதாயிற்று. எதிர்த்தட்டில் வெல்ல மூட்டை ஏற ஏறக் கூட்டம் சிரித்தது. "ஆலையோட தூக்கியாந்து வைங்கப்பா" என்று நான் கத்தினேன். தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தவன் ஒரு கட்டத்தில் நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் குனியவில்லை.

மறுநாள் எங்கள் நடுவில் உட்கார்ந்து போசியைத் திறந்து சாப்பிட்டான். என்னடா ஆச்சு என்று கேட்டேன்.

"நேத்து நீங்கெல்லாஞ் சிரிச்சீங்க. எங்கம்மாளுஞ் சிரிச்சா. இன்னொரு மூட்டை வைங்க, இன்னொரு மூட்டை வைங்கன்னு சிரிச்சா. நான் அவ சிரிப்ப எடுத்துக்கிட்டேன்" என்றான்.

கடைசிவரை அப்படித்தான் இருந்தான். பஸ்ஸில் ஏறினால், "எனக்கு எடம் அகலமா வேணுமுங்க, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்று மணி கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்பான். தன் உடம்புக்காக யாரிடமும் அவன் குழைந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மேட்டூரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அந்தப் பேர நான் வெச்சிருக்கக் கூடாது செங்கோடா" என்றேன். எத்தனையோ வருஷம் தொண்டையில் நின்ற பேச்சு. அதுக்கென்ன இப்ப என்று சிரித்துவிடுவான், நாமும் பாரம் இறங்கி ஊர் திரும்பலாம் என்பது என் கணக்கு. அவன் சிரிக்கவில்லை.

"வலிச்சுது. இப்பவும் ஆராச்சும் கூப்புட்டா ஒரு நொடி வலிக்கும், அப்பறம் போயிரும். உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்" என்றான். பிறகு, "வா, சாப்புடலாம்" என்று உள்ளே கூட்டிப்போனான்.

மேட்டூரை விட்டு ஜேடர்பாளையத்தில் அம்மாவிடம் வந்து கிடந்த ஆறு மாத நோய் அவனை உருக்கிவிட்டது. பாடை தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். பின்னால் நின்றவர், "கனமே இல்லீங்களே" என்றார். அது அவன் அம்மா காதில் விழுந்துவிட்டது. "என்ற புள்ள எளைச்சுப் போயிட்டானே சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

துக்க வீட்டில் எல்லோரும் அவன் சிரித்த முகத்தைப் பற்றியே பேசினீர்கள். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த 'வலிச்சுது' போதும். அதை அவன் என் ஒருவனிடந்தான் சொன்னான்.