ஸ்டெல்லா அக்காவின் ஒரே அச்சு

இன்று எங்கிருந்தோ வார்னிஷ் வாசனை வந்ததும், முத்தியால்பேட்டையில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஸ்டெல்லா அக்காவின் பொம்மைக் கொட்டகைக்கே நினைவில் போய்விட்டேன். கொலுவுக்கு லட்சுமி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதா என்று நாள் முழுக்கக் காகிதக்கூழை அச்சில் அழுத்தித் தட்டிக்கொண்டே இருப்பார். முகத்துக்கு மட்டும் இருவருக்கும் ஒரே அச்சு. சின்ன வயதில் ஒருநாள், வண்ணம் தீட்டாமல் காய்ந்த முகம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

“இது மாதாவாக்கா, லட்சுமியா?”

“கலர் அடிச்சாத்தான்டி எனக்கே தெரியும். இப்போதைக்கு சும்மா ஒரு பொம்பள!”

பிரான்சில் சிப்பாயாக இருந்த அப்பா அந்தக் கிறிஸ்துமஸுக்காவது வீட்டுக்கு வரவேண்டுமென்று, கண்ணில்லாத அந்த முகத்தைத் தலையணையடியில் வைத்துக்கொண்டு தினமும் வேண்டினேன்.

அப்பா வந்துவிட்டார். மெழுகுவத்தி ஏற்றுவதா, சூடம் கொளுத்துவதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.