வாப்பா பெயரில் ஓடிய தண்ணீர்

சில வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் முடிகிற நேரம், கடையநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. சவூதியில் வேலை பார்த்த இடத்திலேயே வாப்பா மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேதான். உம்மா அவர் பெயரில் வாசலில் ஒரு போர்வெல் போட்டு, தொட்டி கட்டி, தெருவுக்கென்று ஒரு குழாய் வைத்தார்கள். அதில் ஒவ்வொருவர் குடிக்கும்போதும் அந்த நன்மை கபுருக்குள் அடங்கியிருப்பவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. கடைசியாக முகம்கூடப் பார்க்க முடியாத மனிதருக்கு உம்மாவால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் அந்தக் குழாயில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வந்தது. பக்கத்துச் சாயப்பட்டறையின் கழிவு நிலத்தில் இறங்கிவிட்டது. நாங்கள் சொல்லாத இடமில்லை. வந்த அதிகாரிகளும் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. உம்மா குழாயின் வாயைத் துணியால் கட்டிவைத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் ஒருபக்கம், கொஞ்சம் தலைக்கனமும் ஒருபக்கம். திருநெல்வேலியில் என் ஆராய்ச்சியே சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்வதுதானே! தேங்காய்ச் சிரட்டைக் கரியில் இரும்பை ஏற்றிச் செய்யும் ஒரு கறுப்புத் தூள். அதையும் கொஞ்சம் பெராக்சைடையும் சாயத் தண்ணீரில் போட்டால் சாயம் உடையும். வேலை முடிந்ததும் காந்தத்தை வைத்துத் தூளைத் திரும்ப எடுத்துவிடலாம். லீவுக்கு வரும்போது ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

வாசலில் வைத்தே செய்து காட்டினேன். கண்ணாடி ஜாடியில் பிடித்த குழாய்த் தண்ணீரின் சிவப்பு மெல்ல வெளிறி, இல்லாமலே போனது. காந்தத்தை வைத்ததும் கரியெல்லாம் ஓடிவந்து ஒருபக்கமாக ஒட்டிக்கொள்ள, தண்ணீர் பளிச்சென்று நின்றது. எதிர்வீட்டு மாமி வாயைப் பிளந்தார். உம்மா அழுதேவிட்டார்கள்.

"ஏட்டி, தொட்டியில இதப் போட்டு நாளைக்கே கொழாயத் தொறந்துருவோமா?"

"பொறுங்க உம்மா. டெஸ்ட் பண்ணாம ஒரு மொடக்கு குடிக்கப்பிடாது" என்று ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். நிறம் போயிருந்தது, விஷம் போகவில்லை. சாயம் நிறமில்லாத துண்டுகளாக உடைந்து தண்ணீரிலேயே கிடந்தது. அதில் சில, சாயத்தைவிடக் கெட்டவை. ஆய்வகத்தில் நானே கலக்கிய சாயத்தில் ஜம்மென்று வேலை செய்த தூள், உப்பும் வேறு கழிவுகளும் கலந்த எங்கள் தெருத் தண்ணீரில் திணறிவிட்டது.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் வைத்துச் சொன்னேன். மீன் அலசிக்கொண்டிருந்த உம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"நெறமே இல்லாமலும் வெஷம் இருக்கும்னா சொல்லுதே?"

"ஆமா."

"அப்போ செவப்பா வாரதுக்கு முந்தியும் இருந்திருக்குமோ? தெருவே குடிச்சிச்சே."

தெரியவில்லை என்றேன். சோதித்துப் பார்க்க அந்தப் பழைய தண்ணீருக்கு எங்கே போவது?

உம்மா எழுந்து வாசலுக்குப் போய், குழாயின் திருகுப்பிடியைக் கழற்றி எடுத்து வந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்: "அப்போ இத்தன நாளும் ஒங்க வாப்பாவுக்கு நான் என்னத்தட்டி அனுப்பிக்கிட்டு இருந்தேன்?"

அந்தத் தூளோடுதான் இன்னமும் மல்லுக்கட்டுகிறேன். ஆய்வகத்தில் ஒரு ஜாடி தெளியும்போதெல்லாம் கூட இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். நான் மட்டும், உம்மா மடியில் இருந்த அந்தத் திருகுப்பிடியை நினைத்துக்கொண்டு, ஜாடியை டெஸ்டுக்கு எடுத்துப்போகிறேன்.